எந்த வருஷத்துக்குத் திரும்புவது?

அமெரிக்காவின் மேரிலாந்தில் எல்லிகாட் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். படாப்ஸ்கோ ஆற்றோரம் கருங்கல்லில் கட்டிய ரயில் நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த நாட்டில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையங்களில் இதுதான் மிகப் பழையது. பால்டிமோரிலிருந்து 13 மைல் தண்டவாளம் 1830-இல் இங்கே வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் பெட்டிகளை இழுத்தவை குதிரைகள்.

முதலில் இது சரக்குக்காகக் கட்டியது. பயணிகளுக்கான அறைகள் 1850-களில்தான் வந்தன. 1949-இல் பயணிகள் சேவை நின்றது. 1972-இல் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளம் கட்டடத்தைச் சேதப்படுத்தியது. அதன்பின் ஊர்க்காரர்கள் அதை மீட்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 1999-இல் முடிந்த சீரமைப்பு, நிலையத்தை 1857-ஆம் ஆண்டுத் தோற்றத்துக்குக் கொண்டுபோனது.

இந்த இடத்தில்தான் எனக்கு இடறியது. நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஏதாவது உடைந்தால் பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ணுவோம். ஆனால் எந்த வெர்ஷன் என்று யாராவது முடிவு செய்யணும். 1857-ஐத் தேர்ந்தால் முதல் சரக்குக் கொட்டகை மறைகிறது. 1949-இல் கடைசியாக டிக்கெட் வாங்கியவர் பார்த்த சுவரும் மறைகிறது.

இன்னொன்றும் உண்டு. 1857-இல் மேரிலாந்தில் அடிமை முறை சட்டப்படி இருந்தது, 1864-இல்தான் ஒழிந்தது. அந்த வருஷத்துச் சுவரையும் ஜன்னலையும் மீட்டுவிடலாம். காத்திருப்பு அறையில் யார் உட்கார்ந்தார், யார் மூட்டை தூக்கினார் என்பதைச் சுவர் சொல்லாது, நாம்தான் சொல்லணும். சொல்லாவிட்டால் அது அருங்காட்சியகம் இல்லை, வெறும் சினிமா செட்டு.

நிலையத்தை ஒட்டி இன்றும் சரக்கு ரயில் போகிறது. நிற்பதில்லை.