பழைய பி.எம்.டபிள்யூ வாங்கலாமா?
ஈப்போவில் புது மைவி விலைக்கே பழைய பி.எம்.டபிள்யூ கிடைக்குதேன்னு ஆசை வரலாம். தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்துக்கு அந்தக் காரில் போவது பெருமைதான். ஆனால் கார் பழசானாலும் உதிரிபாக விலை பழசாகாது.

சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் 1,998 சிசி தனியார் செடானுக்கு ஆண்டுக்கு 379 ரிங்கிட். 2,996 சிசி என்றால் 2,120 ரிங்கிட்.

வாங்கும் முன் சர்வீஸ் பதிவைக் கேளுங்க. கியர்பாக்ஸ், எண்ணெய்க் கசிவை உங்க மெக்கானிக்கிடம் காட்டுங்க.

1967 வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து 2 தவணை தவறினால், 21 நாள் நோட்டீஸுக்குப் பிறகு வங்கி காரை இழுத்துச் செல்லலாம். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

தவணை போக, பழுதுபார்க்கவும் மாதாமாதம் பணம் மிஞ்சுமா? மிஞ்சினால் வாங்குங்க.