ஒன்றரை மணி நேரம் காணாமல் போன நாள்

சென்ற ஆண்டு வேலையில் என்னிடம் ஒரு புகார் வந்தது. பழைய கணினி அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு வாடிக்கையாளர் பதிவுகளை மாற்றிக்கொண்டிருந்தோம். பெரும்பாலானவை சரியாக வந்துவிட்டன. வயதான சிலருக்கு மட்டும் பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் நகர்ந்திருந்தது. 1943 மே 10இல் பிறந்தவர் புதிய அமைப்பில் மே 9இல் பிறந்திருந்தார்.

"ஒரு நாள்தானே, விடுங்க லா" என்றார் பக்கத்து மேசை நண்பர். விட முடியாது. காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் ஒரு நாள் பிசகினால் ஒரு பெரியவர் முகப்பில் நின்று, தான் தான்தான் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பிசகிய பதிவுகளை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்றுகூட 1942 பிப்ரவரி 16க்கு முன்னால் இல்லை. 1945 செப்டம்பர் 12க்குப் பின்னாலும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தேடியது நிரலில் ஒரு பிழை. கிடைத்தது ஜப்பான்காரன் காலம்.

நடந்தது இதுதான். உலகத்தின் பெரும்பாலான கணினிகளும் கைப்பேசிகளும் நேரத்தைக் கணக்கிட ஒரு பொதுத் தரவுத்தளத்தை நம்பியிருக்கின்றன. எந்த ஊர் எந்த ஆண்டில் எந்த நேரத்தைக் கடைப்பிடித்தது என்ற வரலாறு அதில் வரிவரியாக இருக்கிறது. சிங்கப்பூருக்கான வரிகளில் 1941 செப்டம்பரிலிருந்து கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால். 1942 பிப்ரவரி 16 முதல் ஒன்பது மணி நேரம் முன்னால். அது தோக்கியோ நேரம். 1945 செப்டம்பர் 12 முதல் மறுபடியும் ஏழரை. கோலாலம்பூருக்கும் இந்தக் கணக்கேதான். பழைய அமைப்புக்கு இந்த வரலாறு தெரியும். புதிய அமைப்பை எழுதியவர் 1982க்கு முன்னால் எல்லாமே ஏழரை என்று நினைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் குறைந்ததும் நள்ளிரவு பன்னிரண்டு முந்தின இரவு பத்தரை ஆகிவிட்டது. தேதியும் ஒரு நாள் பின்னுக்குப் போனது.

1942 பிப்ரவரி 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டின் முதல் நாளும் அதுதான். அன்று மாலை புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டார். சிங்கப்பூர் 'ஷோனான்' ஆனது. ஊரின் பெயரை மாற்றியவர்கள் கடிகாரத்தையும் மாற்றினார்கள். தரவுத்தளத்தின்படி அந்த ஞாயிறு முடிந்து திங்கள் பிறந்தபோது ஒன்றரை மணி நேரம் காணாமல் போயிருந்தது.

இந்தப் பிழைக்குப் பிறகு 'வரலாற்றில் இன்று' பட்டியல்களில் பிப்ரவரி 15ஐத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1564இல் அந்தத் தேதியில் பீசாவில் கலீலியோ பிறந்தார். 1869இல் டெல்லியில் காலிப் இறந்தார். 1857 கிளர்ச்சியின்போது டெல்லியை விட்டுப் போகாமல், கண்டதைத் 'தஸ்தம்பூ' என்று பாரசீகத்தில் எழுதிவைத்த கவிஞர் அவர். 1934இல், நாங்கள் படித்த பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் பிறந்தார். 1988இல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் இறந்தார். சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்கான காரணத்தை, ஒரு ரப்பர் வளையத்தைப் பனிக்கட்டி நீரில் போட்டு எல்லாருக்கும் புரியவைத்தவர்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதில் அர்த்தம் எதுவும் இல்லை. இருப்பது 365 பெட்டிகள். கொட்டப்படுவதோ பல நூற்றாண்டுகளின் நிகழ்ச்சிகள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு மேதை பிறந்திருப்பார், ஒரு கவிஞர் இறந்திருப்பார், ஒரு நகரம் வீழ்ந்திருக்கும். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதே நாளில் வேறொரு சிறுகோள், ஏறத்தாழ 27,700 கிலோமீட்டர் தூரத்தில் பூமியைக் கடந்து போனது. இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

கலீலியோவின் தேதிகூட அவ்வளவு உறுதியான பொருள் இல்லை. அவர் பிறந்தபோது இருந்தது பழைய ஜூலியன் நாட்காட்டி. 1582இல் போப் கிரகோரி அதைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பத்து நாட்கள் நாட்காட்டியிலிருந்து உருவப்பட்டன. இன்றைய கணக்குப்படி கலீலியோ பிறந்தது பிப்ரவரி 25. அங்கே போப் பத்து நாட்களை எடுத்தார், இங்கே ஒரு ராணுவம் ஒன்றரை மணி நேரத்தை எடுத்தது. நேரம் இயற்கையானது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. 1946 பிப்ரவரி 15 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' கணினியை விழா எடுத்துத் தொடங்கிவைத்தார்கள். 30 டன் எடை, ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்கிடப் பிறந்த இயந்திரம். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. அவர்கள் பெயர்கள் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. பட்டியலில் ஒரு நாள் இடம்பெறுவது வேறு, அந்த நாளில் ஒருவருக்கு இடம் கிடைப்பது வேறு.

தற்செயலாகச் சேரும் தேதிகளுக்கு நடுவே, மனிதர்கள் தெரிந்தே சேர்த்துவைத்தவையும் உண்டு. 1962இல் சிங்கப்பூரின் சிக்லாப் பகுதியில் போர்க்காலப் படுகொலையில் இறந்தவர்களின் எலும்புகள் கிடைத்தன. 'சூக் சிங்' என்று அழைக்கப்படும், சீனர்களைக் குறிவைத்த அந்தப் படுகொலை சரணாகதிக்கு மூன்றாம் நாள் தொடங்கியது. தோண்டி எடுத்தவற்றைத் தாழிகளில் வைத்து, மேலே நான்கு தூண்கள் எழுப்பி, 1967 பிப்ரவரி 15 அன்று நினைவுச்சின்னத்தைத் திறந்தார்கள். நான்கு தூண்களும் நான்கு இனங்களுக்காக. சில ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் முழுமைத் தற்காப்பு தினமான பிப்ரவரி 15 அன்று மாலை 6.20க்குச் சங்கு ஒலிக்கிறது. நான் படித்தது ஸ்கூடாயில், இருப்பது ஜொகூர் பாருவில், வேலை சிங்கப்பூரில். பிரிட்டிஷார் பின்வாங்கும்போது 1942 ஜனவரி 31 அன்று வெடிவைத்துத் தகர்த்த காஸ்வே வழியாகத்தான் தினமும் போய்வருகிறேன். முதல் முறை அந்தச் சங்கைக் கேட்டபோது பேருந்துக்கு நேரமாகிறது என்ற கவலைதான் இருந்தது.

இப்போது கேட்டால் பொறியாளர் புத்தி குறுக்கே வருகிறது. 1942இல் இருந்தது ஏழரை மணி நேரக் கணக்கு. 1982 முதல் எட்டு. அன்றைய 6.20 என்பது இன்றைய கடிகாரத்தில் 6.50. சூரியனை வைத்துப் பார்த்தால் சங்கு அரை மணி நேரம் முன்னதாகவே ஒலிக்கிறது.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அது சிங்கப்பூருக்கு விழுந்த நாள்யா. நமக்கு எந்த நாளு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பாட்டி பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பேராக்கில் ஜப்பானியர்கள் 1941 டிசம்பரிலேயே வந்துவிட்டார்கள். கோலாலம்பூர் ஜனவரி 11இல் விழுந்தது. பிப்ரவரி 15 நகரத்தின் தேதி, தளபதிகளின் தேதி. தோட்டத்து ஆளுக்கு அது வேறு ஏதோ ஒரு நாள்.

பாட்டியின் ஐசியில் பிறந்த நாள் 1943 ஜனவரி 1 என்று இருக்கிறது. ஆனால் கொள்ளுப்பாட்டி சொன்னதெல்லாம் "தைப்பூசம் முடிஞ்சு பொறந்தவ" என்பது மட்டும்தான். தை மாதமே ஜனவரி நடுவில்தான் பிறக்கிறது. அதாவது ஐசி தேதி நிச்சயமாகத் தவறு. யாரோ ஒரு குமாஸ்தா ஊகித்து எழுதியது. நான் ஒரு வாரம் முட்டி மோதித் திருத்திக்கொண்டிருந்த தேதிகளில் இப்படி எத்தனையோ?

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றும், அவர்களில் 90,000 பேர்வரை இறந்தார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெருந்தொகை. இந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவது பட்டியல், இரண்டாவது மதிப்பீடு. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. காலராவில் செத்த நம் ஆட்களைக் குழி தோண்டி மொத்தமாக மூடினார்கள், எரித்தார்கள். கல் ஏது, தேதி ஏது?

திரும்பி வராதவருக்கு எந்தத் திதியில் படைப்பது? எங்கள் வீட்டில் தேதி தெரிந்தவர்களுக்கு அந்தந்தத் திதி, அவருக்கு மட்டும் ஆடி அமாவாசை. சின்ன வயதில் அது ஏதோ வழக்கம் என்று நினைத்தேன். 'தேதி தெரியவில்லை' என்பதை ஒரு குடும்பம் எண்பது ஆண்டுகளாக வருடம் தவறாமல் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று இப்போது புரிகிறது. 'வரலாற்றில் இன்று' பட்டியல் எதிலும் அவர் வரப்போவதில்லை. தேதி இல்லாதவரை எந்தப் பெட்டியில் போடுவார்கள்?

பிழையைத் திருத்திவிட்டேன். வேலை மூன்றே வரி. அதற்கு மேலே, பிறகு வருபவருக்குப் புரியட்டும் என்று, 1942 முதல் 1945 வரை இந்த நாட்டில் நேரம் ஏன் வேறாக இருந்தது என்று ஒரு பத்தி எழுதிவைத்தேன். நிரலைச் சரிபார்த்த மூத்தவர் "கொஞ்சம் நீளம்" என்று குறிப்பெழுதினார். ஆனால் அழிக்கவில்லை.

இந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று சங்கு ஒலித்தபோது பேருந்து வரிசையில் நின்றபடி பாட்டிக்கு அழைத்தேன். கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் கேட்கவைத்தேன்.

"தோட்டத்துலயும் பெரட்டுக்குச் சங்கு ஊதுவாங்க" என்றார். "எங்கப்பா சயாமுக்குப் போன அன்னைக்கும் ஊதுனாங்களாம். கிராணி புஸ்தகத்தப் பாத்துப் பேரு கூப்புட்டாராம். எங்கப்பா 'இருக்கேன்'னு கைய தூக்கிட்டு லாரில ஏறுனாராம். எங்கம்மா சொல்லும்."

"என்ன தேதி பாட்டி அது?"

"அது அந்தப் புஸ்தகத்துலதான்யா இருந்திருக்கும்."