மல்லேஸ்வரத்தில் பாலே

ஒரே டிக்கெட்டில் நாலு பாலே. நாலையும் அமைத்தது வெவ்வேறு ஆள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கதையில் சம்பந்தம் கிடையாது. இங்கே டொராண்டோவில் இதற்கு 'மிக்ஸ்ட் பில்' என்று பெயர். முழுநீள 'ஸ்வான் லேக்' தலைவாழை இலைச் சாப்பாடு என்றால், இது இட்லி, வடை, பூரி, கேசரி என்று வரும் டிபன் தட்டு.

எங்கள் வீட்டில் சில மாதங்களாக இதுதான் பேச்சு. மகளுக்குப் பரதமும் உண்டு, பாலேயும் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தொடர முடியும் (நேரம், பணம், பனியில் கார் ஓட்டும் என் முதுகு). ஊரிலிருந்து மாமியார் போனில் ஒரே போடாகப் போட்டார்: "ஏன் மாப்பிள்ளை, பரதம் நம்மளுது. அந்த வெள்ளக்காரன் டான்ஸ்ல நமக்கு என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடினால் பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது! கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் நான் வாடகைக்கு இருந்த பேட்டை. பெங்களூரில் வேலை பார்த்த தமிழர்களுக்கு மல்லேஸ்வரம் என்றால் சிடிஆர் பெண்ணெ மசால் தோசை, எட்டாவது கிராஸ் பூக்கடை, காடு மல்லேஸ்வரர் கோயில். நாட்டிய வரலாற்றில் அதற்கு வேறு ஒரு முகவரி உண்டு.

மாயா ராவ் 1928ல் மல்லேஸ்வரத்தில் பிறந்தவர். கட்டுப்பெட்டியான கொங்கணிக் குடும்பம், அப்பா கட்டடக் கலைஞர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா அவரை பி.ஆர்.வி. டாக்கீஸுக்கு உதய சங்கர் குழுவின் பாலே பார்க்க அழைத்துப் போனார். பார்த்துவிட்டு வந்த அப்பா, தன் பெண்கள் நடனம் கற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தக் காலத்தில் அந்த மாதிரி வீட்டில் அது லேசான முடிவில்லை.

மாயா கற்றது கதக். பெங்களூரில் சோகன்லால், ஜெய்ப்பூரில் சுந்தர் பிரசாத், தில்லியில் சம்பு மகராஜ் என்று பெரிய குருக்கள். நடுவில் இலங்கைக்குப் போய் சித்ரசேனவிடம் கண்டி நடனம் பயின்றார். (இலங்கை நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1961ல் 'கரதிய' பாலேயைத் தந்தவர்.) பிறகு 1960ல் சோவியத் உதவித்தொகையில் மாஸ்கோ போனார். அங்கே அவர் படிக்கப் போனது ஆடுவதை அல்ல, அமைப்பதை. மேடையில் இருபது பேர் எங்கே நிற்பது, யார் எப்போது நகர்வது, இசை எங்கே முடிந்து மௌனம் எங்கே தொடங்குவது, இதெல்லாம் அங்கே பல்கலைக்கழகப் படிப்பு.

திரும்பி வந்ததும் கமலாதேவி சட்டோபாத்யாயவின் ஆதரவோடு தில்லியில் 1964ல் நடன அமைப்புக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அதை 1987ல் பெங்களூருக்கு, தான் பிறந்த அதே மல்லேஸ்வரத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே படித்தவர்கள் சொந்தமாக நடனம் அமைக்கக் கற்றார்கள். 1989ல் சங்கீத நாடக அகாடமி விருது வந்தது. மகள் மது நடராஜ் 1995ல் 'ஸ்டெம்' என்ற சமகால நடனக் குழுவைத் தொடங்கினார். பெயருக்கு விரிவு: ஸ்பேஸ், டைம், எனர்ஜி, மூவ்மென்ட். 1992ல் ஜெயச்சந்திரன் பாலழி தொடங்கிய 'ஆட்டக்களரி'யும் அதே ஊர்தான். பல நாட்டு இளைஞர்களை அழைத்து, ஆளுக்கொரு புதுப் படைப்பு அமைக்கவைத்து மேடையேற்றியது அது. ஆக, டொராண்டோ மிக்ஸ்ட் பில்லின் ஒன்றுவிட்ட சகோதரன் பெங்களூரில் இருந்திருக்கிறான்.

சரி, உதய சங்கருக்கு பாலே எங்கிருந்து வந்தது? லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போனவர் அவர். ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா இந்தியக் கருவில் நடனம் அமைக்க ஆள் தேட, 1923ல் அவருக்காக 'ராதா கிருஷ்ணா', 'இந்துத் திருமணம்' இரண்டையும் அமைத்தார். கிருஷ்ணராக அவருடன் ஆடவும் செய்தார். இதே பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம்தான் ருக்மிணி தேவி பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று ருக்மிணியைத் திருப்பிவிட்டதும் பாவ்லோவாதான். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 1935 அடையாறு அரங்கேற்றம், கலாக்ஷேத்ரா, குறவஞ்சி நாட்டிய நாடகங்கள். 'நம்மளுது' என்று மாமியார் சொல்லும் சபா மேடைப் பரதத்தின் பக்கத்தில் ஒரு ரஷ்யப் பெண்மணி நின்றுகொண்டிருக்கிறார். உதய சங்கர் தன் 'கல்பனா' படத்தை எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில், 1948ல் வெளியீடு.

இன்னும் பின்னால் போனால் மல்லேஸ்வரமே தஞ்சாவூரோடு பேச ஆரம்பிக்கிறது. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு ஊர் தானம் கொடுத்த 1669ஆம் வருடக் கல்வெட்டு சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜியுடையது. சில வருடங்களில் அவர் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். அந்த வம்சத்து இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைக் கலைஞர்கள்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நம் பிள்ளைகள் அரங்கேற்றத்தில் ஆடும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்கள். மூத்தவர் சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார், வடிவேலு திருவாங்கூருக்குப் போனார். நட்டுவனார்கள், இன்றைய பேச்சில் கோரியோகிராஃபர்கள். சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்ட, கலையில் உச்சத்தில் இருந்த மனிதர்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். 1913 மே 29 அன்று பாரிஸில் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' மேடையேறி அரங்கமே ரகளையானது பிரசித்தம். அந்த மாலையும் ஒரு மிக்ஸ்ட் பில்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஃபோக்கின் அமைத்த 'லே சில்ஃபீட்' முதலில், நிஜின்ஸ்கியின் 'ரைட்' அடுத்து, மறுபடி ஃபோக்கின். எதை யார் அமைத்தார் என்று நூறு வருடம் கழித்தும் சொல்ல முடிகிறது. நம் பக்கம்? அரங்கேற்ற அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், மண்டபத்தின் பெயர் இருக்கும், கேட்டரிங் கூட இருக்கும். பெண் முக்கால் மணி நேரம் ஆடப்போகும் வர்ணத்தின் அடவுக் கோர்வைகளைக் கட்டியது யார் என்று பெரும்பாலும் இருக்காது. 'மரபு' என்ற ஒரு சொல்லில் எத்தனை நட்டுவனார்கள் காணாமல் போனார்களோ.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, நடன அமைப்பையும் நாடகப் படைப்பு என்ற வகைக்குள் சேர்த்திருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: எழுத்திலோ வேறு வகையிலோ அது பதிவாகியிருக்க வேண்டும். வாயால் ஜதி சொல்லி, உடம்பிலிருந்து உடம்புக்குக் கற்றுக்கொடுத்த பரம்பரைக்கு இதனால் என்ன பயன் என்று யோசித்துப் பாருங்கள். மாயா ராவ் பள்ளியை அந்தக் கோணத்தில் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. 'இது என் படைப்பு, இதில் என் பெயர்' என்று இருபது வயதுப் பெண்கள் தைரியமாகச் சொல்லிப் பழகிய இடம் அது. அவர் 2014 செப்டம்பர் 1 அன்று பெங்களூரில் காலமானார், வயது 86.

மகள் எதைத் தொடரப்போகிறாள் என்பது இன்னும் முடிவாகவில்லை. அது அவள் பாடு. அவளுடைய நடனப் பள்ளி ஆண்டு விழா நிகழ்ச்சிநிரலை அச்சடிக்கும் பொறுப்பு இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே 'நடன அமைப்பு' என்று ஒரு வரி சேர்த்து, டீச்சருக்கு அனுப்பிவைத்தேன். மூன்று உருப்படிகளுக்கு அவருடைய குருவின் பெயர் வந்தது, ஒன்றுக்கு அவருடையது. ஒரு பழைய தஞ்சாவூர் ஜதிஸ்வரத்துக்கு மட்டும் யாரைப் போடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.