குதிரை போச்சு, கொள்ளு இருக்கு!

“நம்ம தொழிலோட வரலாறு பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்” என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். மாட்டைப் பற்றியும் கோழியைப் பற்றியும் எழுத நம்மில் பல வல்லுநர்கள் உண்டு. ஆகவே யாரும் தொடாத குதிரையை நான் எடுத்துக்கொள்கிறேன். தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்துத் தீர்த்தமலைக்காரனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சம்பந்தம் உண்டு. எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கொள்ளு விளைகிறது. தமிழ்நாட்டில் கொள்ளு அதிகம் விளையும் பகுதி தர்மபுரியும் கிருஷ்ணகிரியும்தான். அதைத் தின்ன வேண்டிய குதிரையைத்தான் காணோம். மனுஷங்க நாமதான் ரசம் வைத்தும் கடைந்தும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். குதிரை எங்கே போயிற்று, அது போனபோது அதைப் பற்றிய படிப்பும் கூடவே போய்விட வேண்டுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாண்டியன் வாங்கியதும் வாங்காததும்

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல்வழியே வந்தது என்பது பட்டினப்பாலை காலத்துச் செய்தி. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாக வந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கதை மக்கள் மனதில் நின்றதற்கு ஒரு காரணம், குதிரை வாங்குவது அன்றைய அரசாங்கத்தின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று என்பதே.

எவ்வளவு பெரிய செலவு? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் மன்னர் வாங்கினார் என்கிறார். சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கணக்கையே தருகிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள் தர வேண்டும் என்று ஒப்பந்தம். வழியில் கடலில் செத்தாலும் பணம் கொடுத்தாக வேண்டும். காயல் துறைமுகத்தில் இறங்கிய செல்வம் இது.

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போயின என்கிறார் மார்க்கோ போலோ. அவர் சொல்லும் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் அடிக்கவும் மருத்துவம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் தங்களோடு வர விடுவதுமில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே அவர்களுக்கு வியாபாரம்! பாண்டியன் குதிரையை வாங்கினான்; குதிரை அறிவை வாங்கவில்லை. அந்த அறிவை எவனும் விற்கவும் மாட்டான். நாமே படித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியது அது.

ஏன் செத்தன?

குதிரைகளுக்கு வேகவைத்த அரிசியும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்பது மார்க்கோ போலோ சொல்வது. வறுத்த பார்லி, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் என்பது வசாஃப் சொல்வது. நம் மாணவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தவுடனேயே நோயைச் சொல்லிவிடுவார்கள்.

குதிரை மாடு மாதிரி அசைபோடும் பிராணி அல்ல. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கம்; அதனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. புல்லின் நார் பின்குடலில்தான் நுண்ணுயிர்களால் செரிக்கிறது. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் பின்குடலுக்குப் போனால் அங்கே அமிலம் பெருகும். வயிற்றுவலியில் புரளும், குளம்புக்குள் அழற்சி வந்து நிற்க முடியாமல் போகும். அரிசித் தவிடு நிறையக் கொடுத்தால் பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறையும், எலும்பு வலுவிழக்கும், முகம் வீங்கும். இங்கே பிறந்த குட்டிகள் கோணல் காலோடு பிறந்தன என்று மார்க்கோ போலோ எழுதியதற்கு முழு விளக்கம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீவனமும் தாது உப்பும் கவனிக்காத லாயத்தில் நல்ல குட்டியை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு விஷயம். மாட்டின் வயிற்றறையில் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு இருக்கும். மாட்டுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கொசு அதன் இளம் புழுவைக் குதிரைக்குக் கொண்டுபோனால் கதை வேறு. தண்டுவடத்துக்குள் அலைந்து பின்னங்கால்களைத் தள்ளாட வைக்கும். ‘கும்ரி’ என்று லாயக்காரர்கள் சொல்வது இதைத்தான். கண்ணுக்குள் போனால் புழு நெளிவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மாடும் கொசுவும் நிறைந்த நம் நாட்டில் குதிரை வளர்க்கிறவன் குதிரையை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நூலும் பள்ளியும்

நம் நாட்டில் குதிரை நூலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் வடமொழியில் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் தன்னிடமுள்ள வண்ணப் படங்களோடு அசுவ சாஸ்திரத்தை 1952இல் அச்சிட்டது. ஆனால் ஏடு அரண்மனையில் இருந்தது. குதிரை லாயத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் ஒன்று இல்லை.

அந்தப் பள்ளிக்கூடம் ஐரோப்பாவில் முதலில் தோன்றியதும் குதிரையால்தான். பிரான்சில் லியோன் நகரில் 1761-62இல் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய கிளாட் பூர்ஷலா, அதற்கு முன் குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். 1791இல் லண்டனில் தொடங்கிய கல்லூரியின் முதல் பேராசிரியர் சான்பெல், ‘எக்லிப்ஸ்’ என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரை செத்தபோது அதை அறுத்து அளந்து பெயர் வாங்கியவர். லியோனில் படித்த ஆங்கிலேயர் வில்லியம் மூர்கிராஃப்ட் 1808இல் இந்தியாவுக்கு வந்து, பீகாரில் பூசா என்ற ஊரில் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்தினார். நல்ல குதிரை தேடி இமயம் தாண்டிப் புகாரா வரை போய், திரும்பும் வழியில் 1825இல் இறந்தார். அதே பூசாவில்தான் 1905இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வந்தது.

மத்திகிரியின் கதை

பூசாவுக்கு நடந்ததுதான் எங்கள் மாவட்டத்துக்கும் நடந்தது. 1792இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடக்கம். குதிரைப் படைக்குக் குதிரை வேண்டும். கடற்கரை வெக்கையில் அவை தாங்கா. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் குளிர்ச்சியான ஓசூர் இருந்தது, மேய்ச்சல் இருந்தது, கொள்ளு பக்கத்திலேயே விளைந்தது. 1824இல் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் குதிரைப் பண்ணை தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ‘வேலர்’ குதிரைகளும் சென்னைப் படைக்காக ஓசூரில் பழக்கப்பட்டன.

பிறகு படைக்குக் குதிரையின் தேவை குறைந்தது. மோட்டார் வந்தது. சுமார் 1,640 ஏக்கர் மத்திகிரிப் பண்ணை, மாட்டுப் பண்ணையாகி, அரசு மாவட்டக் கால்நடைப் பண்ணையாயிற்று. இன்று நம் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி, மேலாண்மைக் கல்லூரியும் மத்திகிரியில்தான் இருக்கிறது. முதலில் குதிரை, அப்புறம் மாடு, இப்போது கோழி. எங்கள் மாவட்டமாகவே இருந்த அந்த ஊர் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போய்விட்டது. ஆனாலும் மூன்று காலத்துப் பாடத்திட்டத்தையும் ஒரே மண்ணில் பார்க்க வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள்.

நம் கல்லூரி

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1ஆம் நாள், சைதாப்பேட்டை டாபின் ஹாலில் 20 மாணவர்களோடு தொடங்கியது. ஆங்கிலேயர் வேலைக் குதிரையைச் செல்லமாக டாபின் என்று கூப்பிடுவார்கள். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது! 1905இல் வேப்பேரிக்கு வந்தோம். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தில் பட்டம் தந்த கல்லூரி என்ற பெருமை பெற்றோம். 1976இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1989இல் தனிப் பல்கலைக்கழகமே கண்டோம்.

அன்றைய பாடநூல்களில் குதிரைதான் ராஜா. சிசன் எழுதிய உடற்கூற்று நூலைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: எலும்பானாலும் தசையானாலும் முதலில் குதிரை, பிறகுதான் மாடு அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று வரும். மாட்டு வண்டி ஓட்டிய வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் குதிரை வழியாக மாட்டைப் படித்தார்கள்! நம் நாட்டுக்கு அது தலைகீழ்தான். லட்சக்கணக்கான மாடுகளை வெக்கை நோய் கொன்ற நாடு இது. மாடு முன்னுக்கு வந்தது நியாயம். அந்த நோய் இந்தியாவில் ஒழிந்ததாக 2006இலும், உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இலும் அறிவிக்கப்பட்டதில் நம் தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் மாட்டை முன்னுக்குக் கொண்டுவருவது வேறு. குதிரையை மறப்பது வேறு.

குதிரை இல்லை என்று யார் சொன்னது?

2012இல் இந்தியாவில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும், 2019 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்தன. கழுதைகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வந்துவிட்டன. கிண்டியில் 1777 முதல் பந்தயக் குதிரைகள் ஓடிய நிலத்தை, குத்தகையை ரத்து செய்து 2024இல் அரசு எடுத்துக்கொண்டது. “அப்புறம் குதிரையைப் படிச்சு என்ன சார் செய்யறது?” என்று மாணவர்கள் கேட்டால் தப்பில்லை.

என் பதில் இதுதான். எங்கள் பக்கத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாம்பு பயம் எப்போதும் உண்டு. இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. கடிபட்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே ஏற்றுவது பாம்பு விஷ முறிவு மருந்து. அது எங்கிருந்து வருகிறது? குதிரையிடமிருந்து.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அளவைக் கூட்டிக்கொண்டே ஊசியில் கொடுப்பார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. கால்மெத் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1890களில் தொடங்கிய வழி இது. குதிரை பெரிய பிராணி. 30 லிட்டருக்கு மேல் ரத்தம் உண்டு. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் 1978இல் தொடங்கிய நம் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்.

அந்தக் குதிரைக்கு ரத்தசோகை வராமல், ஊசி போட்ட இடம் புண்ணாகாமல், சரியான தீவனத்தோடும் ஓய்வோடும் வைத்திருப்பது யார் வேலை? குதிரை தெரிந்த கால்நடை மருத்துவர் வேலை. அவர் படிப்பில் ஓட்டை விழுந்தால், அதன் விலையைக் கொள்ளுக் காட்டில் கடிபட்டு விழுந்தவன் கொடுப்பான்.

இன்னொன்று, ‘கிளாண்டர்ஸ்’ என்ற நோய். மூக்கில் சளியும் தோலில் கட்டியுமாக வரும், மனிதனுக்கும் தொற்றும், கொல்லும். இதற்கென்று 1899லேயே சட்டம் போட்டார்கள். போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 2006இல் மகாராஷ்டிராவில் மீண்டும் தலைகாட்டியது. மெரினாவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குதிரைக்கும், கல்யாண ஊர்வலக் குதிரைக்கும், செங்கல் சுமக்கும் கழுதைக்கும் சளி வந்தால், அது சாதாரணச் சளியா வேறா என்று சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டாமா?

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு

வெளிநாட்டில் குதிரை அறிவியலும் மேலாண்மையும் தனிப் பட்டப்படிப்பு. வேல்ஸில் அபெரிஸ்ட்வித், இங்கிலாந்தில் ஹார்ட்புரி போன்ற இடங்களில் தீவனம், இனவிருத்தி, உடற்பயிற்சி, லாய நிர்வாகம் என்று ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். நம் நாட்டில் ராணுவத்துக்கு மீரட்டில் பயிற்சிக் கல்லூரி உண்டு. ஆராய்ச்சிக்கு ஹிசாரில் 1985இல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உண்டு. 1987இல் வட இந்தியக் குதிரைகளைக் காய்ச்சல் தாக்கியபோது, அந்தக் கிருமியை வைத்தே தடுப்பூசி செய்தார்கள் அங்கே. நமக்கோ ஐந்தரை ஆண்டுப் படிப்பில் குதிரைக்கு ஒரு பங்குதான். அந்தப் பங்கைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

குளம்பைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேளுங்கள். கழுதைக்காரரிடம் பேசுங்கள், அவருக்கு நோயின் பெயர் தெரியாது, ஆனால் மிருகம் நேற்று எப்படி நின்றது, இன்று எப்படி நிற்கிறது என்று தெரியும். பழைய மாணவர்களில் குதிரைப்படை, பந்தய லாயம், மருந்துப் பண்ணை என்று பணி செய்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் கை அனுபவம் அவர்களோடு போய்விடக் கூடாது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். சங்கம் அதைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கட்டும்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம் என்று குதிரையைச் சொல்வார்கள். படிப்பு விஷயத்தில் நாமும் அப்படி இருந்துவிடக் கூடாது. வேலை கிடைக்கும் பாடத்துக்கு மட்டும் வாயைத் திறந்தால், பாண்டியன் பொன்னைக் கொட்டிக் குதிரையைப் புதைத்த கதைதான் நமக்கும்.