கசிவும் கட்டணமும்: புதுச்சேரி மின்துறை விற்பனையும் வீட்டுக் கணக்கும்

ஆரோவில்லிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் புதியவருக்குக் கோட்டக்குப்பம் எங்கே முடிகிறது, முத்தியால்பேட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கரண்ட் பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். வடக்கே தமிழக மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறது. தெற்கே புதுச்சேரி அரசின் மின்துறை மாதந்தோறும் எடுக்கிறது. இந்தத் துறையைத்தான் விற்பதா வேண்டாமா என்ற கேள்வி 2020 மே மாதத்திலிருந்து இழுபட்டுவருகிறது. யூனியன் பிரதேசங்களின் மின் பகிர்மானம் தனியார்மயமாகும் என்று அப்போது ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். 2022 செப்டம்பர் 27இல் புதுச்சேரி ஏல அறிவிப்பு வெளியானது. மறுநாளே ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அக்டோபர் தொடக்கத்தில் ஊர் இருண்டது, மக்கள் சாலை மறித்தனர், துணை மின்நிலையங்களுக்கு மத்திய ரிசர்வ் போலீஸ் காவல் வந்தது.

விற்றால் பில் குறையும் என்றது ஒரு தரப்பு, ஏறும் என்றது மறுதரப்பு. எவ்வளவு என்று இரு தரப்பிலும் கணக்குப் போட்டுக் காட்டியவர் குறைவு.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. யூனிட் 5 ரூபாய் வீதம் 100 யூனிட் வாங்குவதாக ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம்; செலவு 500. வழியில் பாதி கசிந்தும் திருடப்பட்டும் போனால், மீதி 50 யூனிட்டை யூனிட் 10 ரூபாய்க்கு விற்றால்தான் முதல் தேறும். இழப்பை 10 விழுக்காட்டுக்கு இறக்கினால் விலை 5 ரூபாய் 56 காசாகிவிடும். 2002இல் டெல்லி மின் பகிர்மானம் தனியாருக்குப் போனபோது இழப்பு 50 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பின்னர் 10க்குக் கீழே வந்தது. தனியார்மயத்தின் பெருமை முழுவதும் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது, அது பொய்யும் அல்ல.

புதுச்சேரியில் நிலை வேறு. இங்கே இழப்பு 10க்கும் 20க்கும் இடைப்பட்ட விழுக்காடு. அதே எடுத்துக்காட்டில் 15ஐ 10 ஆக்கினால் யூனிட்டுக்கு மிஞ்சுவது சுமார் 33 காசு. மாதம் 100 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 33 ரூபாய். அதுவும் முழுமையாக வீட்டுக்கு வராது. பங்கு மூலதனத்துக்கு ஒழுங்குமுறை ஆணையங்கள் பொதுவாக 14 முதல் 16 விழுக்காடு வருவாய் அனுமதிக்கின்றன. புதிய மீட்டர், புதிய கேபிள் என்று மூலதனம் பெருகப் பெருக அந்தத் தொகையும் பெருகும். எஞ்சிய பெருஞ்செலவு மின்சாரம் வாங்கும் செலவு. காரைக்கால் எரிவாயு நிலையத்தின் 32.5 மெகாவாட் போக, புதுச்சேரி பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது. முதலாளி மாறினாலும் அந்த விலை மாறாது.

விற்பனைத் தொகை யாருக்கு? இன்னொரு யூனியன் பிரதேசமான சண்டிகரின் மின்துறை ஏலத்தில் 174 கோடி அடிப்படை விலைக்கு 871 கோடி கேட்கப்பட்டது. 2025 பிப்ரவரி 1இல் கைமாறியது. சுமார் 2.3 லட்சம் இணைப்புகளுக்கு வகுத்தால் இணைப்புக்கு ஏறக்குறைய 38,000 ரூபாய். அது அரசுக் கருவூலத்துக்குப் போன பணம், எந்த வீட்டின் பில்லிலும் வரவாகவில்லை. அந்தத் துறை நட்டத்திலும் ஓடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டெல்லிக் கதையின் பின்பாதியை விற்பனை ஆதரவாளர்கள் சொல்வதில்லை. அங்கே ஆண்டுக்கணக்கில் கட்டணத்தை ஏற்றாமல் ஒத்திவைத்த செலவு மூன்று நிறுவனங்களின் ஏடுகளில் 27,200 கோடியாகத் திரண்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைக் காலக்கெடுவுக்குள் தீர்க்கச் சொன்னது. இத்தனை நாள் மிச்சம் என்று வீடுகள் எண்ணிய தொகையில் ஒரு பகுதி, வட்டியோடு நின்ற கடன்.

அதற்காகப் பொதுத்துறையைக் காவல் தெய்வமாக்கவும் முடியாது. 2024 ஜூனில் புதுச்சேரி வீடுகளின் முதல் 100 யூனிட் விலை 2.25இலிருந்து 2.70 ரூபாயாக ஏறியபோது உரிமையாளர் அரசுதான். எடுத்துக்காட்டில் நாம் கண்ட 33 காசை விட இந்த 45 காசு பெரிது. பின்னர்தான் அரசு மானியம் கொடுத்து அதை ஈடுகட்டியது. எல்லைக்கு வடக்கே 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர்க் கட்டணப்படி இரு மாதத்தில் 200 யூனிட் எரித்த தமிழக வீடு 225 ரூபாய் கட்டியது (பின்னர் சற்று ஏறியது). புதுச்சேரியின் 2024 ஜூன் விலையில், நிலைக்கட்டணம் நீங்கலாக, அதே 200 யூனிட்டுக்கு 540. மானியத்தைக் கழித்தால் 450. இரண்டு பக்கமும் அரசு நிறுவனம்தான், வேறுபாட்டை உண்டாக்குவது மானியம்.

எல்லைக்கு வடக்கே, மரக்காணம் உப்பளத் தொழிலாளிக்கு இந்த இலவசம் வெறும் சராசரிக் கணக்கல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி மூழ்கினால் கூலி நின்றுவிடும், மீட்டர் நிற்காது. வருமானமில்லாத அந்த இரு மாதத்தில் இலவச 100 யூனிட்டின் மதிப்பு, உப்பு வாரும் பங்குனியில் அதற்குள்ள மதிப்பைவிடப் பல மடங்கு. மின்வாரியத்தின் மலைபோன்ற கடனைக் காட்டி இந்தச் சலுகையைக் குறை கூறுவோர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனவே வீட்டுச் சேமிப்பு என்ற காரணத்தை வைத்து புதுச்சேரி மின்துறையை விற்க இடமில்லை என்பதே என் முடிவு. வேறு காரணம் இருந்தால் அரசு அதைச் சொல்லட்டும். விற்பனைக்குப் பின் மானியத்துக்கு நேரக்கூடியது இதைவிடக் கவலை தருவது. 2003 மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மாநில அரசு மானியம் அறிவித்தால் தொகையை நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. செலுத்தாவிட்டால் சலுகை செல்லாது, ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணமே பொருந்தும். அரசே நடத்தும் துறையில் அந்தப் பணம் தாமதமானால் அரசின் ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் இடையே பள்ளம் விழும், அதைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தனியார் நிறுவனமோ பொறுத்திருக்கக் கடமைப்படாது; அந்த 45 காசு அடுத்த மாதமே முத்தியால்பேட்டை வீட்டின் பில்லில் ஏறிவிடலாம்.