ஹெரால்டின் சீட்டுக்குள் தேங்காய் நார்

சித்திரை வெயிலில் எங்கள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் முன் சீட் இரண்டையும் கழற்றித் தாம்பரம் வீட்டு வராந்தாவில் வைத்தேன். அப்பா 1969-இல் வாங்கிய நாலு கதவு மார்க் த்ரீ அது. இன்ஜினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். சீட்டை மட்டும் நானே செய்வதென்று முடிவு செய்திருந்தேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்த அந்த சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பக்கத்துத் தெரு பாய், புதுப்பேட்டையில் ஐம்பது வருடம் குஷன் வேலை செய்தவர். கண் மங்கிவிட்டது, கத்தரிக்கோல் பிடிப்பதில்லை. மோடாவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். “டீச்சர், மொதல்ல கத்தரி எடுக்காதீங்க, பிளேடு எடுங்க. பிரிக்கத் தெரிஞ்சா தைக்கிறது தானா வரும்” என்றார்.

மேலே டர்க்கி டவல். அதன் கீழே தொண்ணூறுகளில் போட்ட வெல்வெட் உறை. அதையும் உருவினால் நான் சிறுமியாகப் பார்த்த அரக்குச் சிவப்பு ரெக்சின். பிறகு பஞ்சு, நான்கு விரல் கனத்துக்குத் தேங்காய் நார், நார் உதிராமலிருக்க ஒரு கோணிச் சாக்கு. சாக்கைத் தாங்கியவை ரப்பர் பட்டைகள். தொட்டுப் பார்த்த பாய் சிரித்தார். லாரி டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டைகள் அவை. கம்பெனி போட்ட பட்டை இற்றுப்போனதும் 1979-இல் யாரோ ஒருவர் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறார். அப்பாவின் கோப்பில் பில் இருக்கிறது. ‘சீட் குஷன் வேலை’ என்ற மூன்று சொல்லும் தொகையும்தான். செய்தவர் பெயர் இல்லை.

அந்தப் பெயரில்லாமைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. சென்னையின் மோட்டார் வரலாற்றைச் சொல்கிறவர்கள் கம்பெனிகளைச் சொல்வார்கள். 1903-இல் சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி மதராஸ் தெருக்களில் ஓட்டியதைச் சொல்வார்கள். அந்த சிம்சன், மோட்டார் வருவதற்கு அறுபது வருடம் முன்பே, 1840-இல் தொடங்கிய கம்பெனி. குதிரை பூட்டிய கோச்சு வண்டிகள் கட்டிய இடம். கோச்சு வண்டி என்றால் மெத்தை வைத்த ஆசனம் வேண்டும். தோலை வெட்டவும், குதிரை மயிரோ நாரோ திணிக்கவும், கோணூசியால் இழுத்துத் தைக்கவும் ஆள் வேண்டும். குதிரை போய் இன்ஜின் வந்தபோது கொல்லனும் தச்சனும் புதிதாகப் பலதைக் கற்க வேண்டியிருந்தது. மெத்தை தைத்தவனுக்கு மட்டும் ஊசியும் நூலும் மாறவில்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாய் கொடுத்த வளைந்த ஊசியைப் பிடித்தபோது, வண்டிக் காலத்துக் கருவி ஒன்று இன்னும் வேலை பார்க்கிறது என்று தோன்றியது.

தோலுக்கும் இந்த ஊர்ப்பக்கம் பெரிய பெயர் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல் லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் மதராஸ் கலைப்பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிட்டுப் பார்த்தார். அவர் மனதில் இருந்தது கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால். தண்ணீரிலேயே கிடந்து அழுகாத தோல் வேண்டியிருந்தது. பிறகு 1912-இல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-இலிருந்து ஹெரால்டைச் செய்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கமும் அதே ரயில் பாதையில்தான், சில ஸ்டேஷன் தள்ளி. ஆனாலும் எங்கள் காரின் சீட்டில் தோல் இல்லை, ரெக்சின்தான்.

ரெக்சின் என்பது மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். பருத்தித் துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸும் கற்பூர எண்ணெயும் சாயமும் கலந்து பூசி, தோலின் வரிகளை அழுத்தி எடுத்தார்கள். நைட்ரோசெல்லுலோஸ் முதல் உலகப்போரில் வெடிமருந்தாகப் போன சரக்கு. பின்னால் பிவிசி பூசிய துணி வந்து அதை ஓரங்கட்டியது. நம் ஊரில் பெயர் மட்டும் மாறவில்லை. பை, சோபா, ஆட்டோ சீட் எல்லாமே இன்றும் ரெக்சின்தான்.

ஹெரால்டும் அப்படிக் கைமாறி வந்ததுதான். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் வந்தது. வடிவம் இத்தாலிய மிக்கெலோட்டியுடையது. முன்பக்கம் முழுவதையும் அப்படியே தூக்கித் திறக்கலாம். நாலு கதவு ஹெரால்டு மட்டும் இங்கே 1968-இல் செய்தது. இங்கிலாந்தில் அது கிடையாது. ஆனாலும் இந்தக் காரில் எனக்கு முழுக்க நம்முடையதாகப் படுவது அந்த நாரும் கோணியும் லாரி டியூபும்தான். ஃபோம் இல்லாத நாளில், அல்லது அப்பாவுக்குக் கட்டுப்படியாகாத நாளில், ஒருவர் கைக்குக் கிடைத்ததை வைத்து, நாற்பது வருடத்துக்கும் மேல் தாங்குகிற ஆசனம் செய்திருக்கிறார். அவரை நான் மதிக்கிறேன்.

வேலைக்கு வருகிறேன். பழைய ரெக்சினைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சாக்பீஸால் எண் போட்டேன். அதுதான் அளவு. சுற்றிலும் அரை அங்குலம் விட்டுப் புது ரெக்சினை வெட்ட வேண்டும். அவசரத்தில் பக்கப் பட்டையைத் திருப்பிப் போடாமல் வெட்டிவிட்டேன். இரண்டும் வலது பக்கத்துக்கே ஆயின. ஒரு மீட்டர் வீண். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பாய் வைதுவிடுவார் என்று நினைத்தேன். “எங்க வாத்தியார் இருந்தா முட்டி மேல குச்சியால தட்டுவாரு. நீங்க டீச்சராச்சே” என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் கால் மிஷின்தான் தைத்தது. பதினெட்டாம் நம்பர் ஊசி, கனத்த நூல். பைப்பிங் சேரும் இடத்தில் நாலு மடிப்பு வந்ததும் மிஷின் நின்றுவிடும். மிதிப்பதை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போட்டேன். சட்டத்தின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தேன். கடைசி வேலை உறையை இழுத்து மாட்டுவது. மாட்டுவதற்கு முன் ரெக்சினை மொட்டைமாடி வெயிலில் அரை மணி நேரம் போட்டு எடுத்தேன். சூட்டில் இளகியதை நடுவிலிருந்து தொடங்கி மூலைகளுக்கு இழுக்க வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழுந்து ஆயுசுக்கும் போகாது.

நாரையும் திரும்ப நாராகவே வைத்தேன். ஃபோம் வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அழுந்திக் கட்டிப்போயிருந்த நாரை விரலால் கோதிப் பிரித்து, வெயில் காட்டி, குறைந்த இடத்தில் புது நார் சேர்க்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கோணிதான் கிடைக்கவில்லை, அரிசி மூட்டையெல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. கடைசியில் மண்டித் தெருவில் ஒரு கிழங்கு வியாபாரியிடம் இரண்டு வாங்கினேன்.

இப்போது உட்கார்ந்தால் கெட்டியாக, சற்று உயரமாக இருக்கிறது. பாய் வந்து உட்கார்ந்து, எழுந்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். “ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவா உங்களுக்கு ஏத்த மாதிரி எறங்கும்” என்றார். பின் சீட் இன்னும் வராந்தாவில்தான் கிடக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து நார் வர வேண்டும்.