சேமிப்பகச் சாதனம் அகலும்போது: மின்தடையும் இயக்கி நிரலின் வரிசைமுறையும்

2022 மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அத்தகைய நாட்களில், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மடிக்கணினி தன் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். சுவர் மின்சாரத்தை நம்பிய வெளி வன்தட்டு மட்டும் எழுதும் நடுவே அணைந்துபோகும். இயங்குதளத்துக்கு இது வடத்தை உருவியதற்குச் சமம். ஆகவே திடீர் அகற்றலை எப்போதாவது நேரும் விபத்தாக எண்ணி இயக்கி நிரல் எழுதுவது நமக்குப் பொருந்தாது.

பிழை பிறக்கும் இடம் சிறியது. ஓர் இழை தட்டு இருக்கிறதா எனச் சோதித்துவிட்டுக் கட்டளையை அனுப்பப் போகிறது. அதற்குள் மற்றோர் இழை, இணைப்பு அறுந்ததைக் கண்டு, அத்தட்டுக்குரிய நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. முதல் இழை அந்த நினைவகத்தைத் தொட்டதும் கெர்னல் நிலைகுலைகிறது. எது முந்துகிறது என்பதே விளைவைத் தீர்மானிப்பதால் இது ரேஸ் கண்டிஷன்.

சோதனையை இன்னொரு முறை சேர்த்தால் இடைவெளி குறுகும், மூடாது. எல்லாவற்றையும் ஒரே பூட்டுக்குள் அடைப்பதிலும் ஆபத்துண்டு: அகற்றும் இழை பூட்டைப் பிடித்தபடி நிலுவைக் கட்டளைகளுக்காகக் காத்திருக்க, அவை முடிவதற்கு அதே பூட்டு தேவைப்பட்டால் இரண்டும் உறைந்துவிடும். பயன்படுத்துவோரை எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்ட் நினைவகத்தைக் காக்கும். போன தட்டைத் திருப்பித் தராது. நினைவகத்தின் ஆயுளையும் சாதனத்தின் ஆயுளையும் ஒன்றெனக் கொள்வதே இவ்வகைப் பிழைகளின் வேர் என்பது என் துணிபு.

திருத்தம் வரிசையில் இருக்கிறது. கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே இடமிருந்தது. அத்தகைய பாலத்தைத் திருத்துவதென்றால் முதலில் இரு முனையிலும் வாகனம் ஏறுவதை நிறுத்தவேண்டும். ஏறியவை இறங்கும்வரை பொறுத்தே வேலை தொடங்கலாம். இயக்கியும் புதிய கட்டளைகளுக்கு வாசலடைத்து, நிலுவையில் உள்ளவற்றைப் பிழையோடு முடித்து, டைமர்களும் பின்னணிப் பணிகளும் மெய்யாகவே நின்றனவா என உறுதிசெய்து, கடைசிப் பயனாளர் விலகிய பிறகே நினைவகத்தை விடுவிக்கவேண்டும். சாதனம் அகல்கிறது என்ற கொடியைப் பார்ப்பதும் கட்டளையை ஏற்பதும் இடையில் எதுவும் புக முடியாதபடி ஒரே பூட்டின்கீழ் நடக்கவேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடப்படுவது இந்த இடம்தான்.

லினக்ஸின் யூஎஸ்பி சேமிப்பக இயக்கி இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டைப் பேணுகிறது. இயக்கியை மட்டும் கழற்றும்போது தட்டு உயிரோடிருப்பதால், கேஷில் உள்ளதை எழுதி முடிக்கவிட்டே கொடியை உயர்த்துகிறது. சாதனம் மெய்யாகவே போய்விட்டால் கொடி முதலிலேயே உயரும். வராத பதிலுக்குக் காத்திருந்து பயனில்லை.

மின்சாரம் திரும்பும் கணமும் கவனத்துக்குரியது. பழைய கோப்பு முறைமை இன்னும் மவுண்ட் ஆகியிருந்தால் தட்டுக்கு முன்பு கிடைத்த 'எஸ்டிபி' (sdb) என்ற பெயர் விடுபடாது. அதே தட்டு 'எஸ்டிசி' (sdc) என வந்து நிற்கும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கணினி மாணவர்கள் திடீர் அகற்றலை ஆய்வுப் பொருளாக எடுக்கலாம்: விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும் கேசான் (KASAN; லினக்ஸ் 4.0, 2015) கருவியை இயக்கியபடி, எழுதும் நடுவே அடாப்டரை அணைத்துப் பார்க்கலாம்.

இத்தனையும் காப்பது கெர்னலை. எழுதப்படாத தரவை அல்ல. அந்த இழப்பு செயலிக்குத் தெரிந்தாகவேண்டும். 2017இல் வந்த லினக்ஸ் 4.13, எழுதுபிழையை அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு செயலிக்கும், அது எஃப்சிங்க் (fsync) அழைக்கும்போது, அறிவிக்க வழிசெய்தது. அகற்றலின்போது இயக்கி பிழையை விழுங்கி, கட்டளை வெற்றி என்று சொல்லிவிட்டால், மேலடுக்கில் உள்ள அந்த ஏற்பாட்டுக்கு அறிவிக்க எதுவும் இராது.